துரையின் படகும் என் சட்ட ஞானமும்

ஒரு விஷயம் அரைகுறையாகத் தெரிந்தவர்களிடம் தாராளமாக யோசனை கேட்கலாம். அவர்கள் தயங்கித் தயங்கிச் சொல்வார்கள், நாமும் உஷாராக இருப்போம். மனப்பாடமாகத் தெரிந்தவர்களிடம் மட்டும் போகவே கூடாது. பத்தொன்பது வயதில் எனக்கு மோட்டார் வாகனச் சட்டம் மனப்பாடமாகத் தெரியும்.

எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். மெட்ரிக் முடித்துவிட்டு செகந்திராபாத்தில் டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டிருந்தேன். மற்ற இன்ஸ்டிட்யூட்டுகளில் எல்லாம் வியாபாரக் கடிதங்களை அடிக்கச் சொல்வார்கள். எங்கள் மாஸ்டரிடம் இருந்தது ஒரே ஒரு புத்தகம், அட்டை கிழிந்துபோன மோட்டார் சட்டப் புத்தகம். எங்கேயோ பழைய சாமான் கடையில் வாங்கியிருக்கிறார். வேகம் வர வேண்டும் என்று அதையே திரும்பத் திரும்ப அடிக்க வைத்தார். லைசென்ஸ், ஹாரன், பிரேக், டிரெய்லர் எல்லாம் விரல் வழியாகவே எனக்குள் இறங்கிவிட்டன. (மோட்டாரில் ஏறியது மட்டும் அதுவரை ஒரே தடவை. அதுவும் வாந்தி எடுத்தேன்.)

நாங்கள் அரக்கோணத்துக்காரர்கள். அப்பா லாலாகுடா ரயில்வே பட்டறையில் சார்ஜ்மேன். காலனியில் எங்கள் வரிசை முழுக்கத் தமிழ்க் குடும்பங்கள்தான். இங்கிலீஷ் காகிதம் எது வந்தாலும் என்னிடம் கொண்டுவருவார்கள். நானும் கண்ணை இடுக்கிக்கொண்டு படித்து, தீர்ப்பு சொல்வதுபோல அர்த்தம் சொல்வேன். பாதிக்குப் பாதி தப்பாக இருந்திருக்கும். யாரும் திரும்பி வந்து சண்டை போடாததால் எல்லாம் சரி என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

செகந்திராபாத்தை வெள்ளைக்கார சர்க்கார் நிஜாம் சர்க்காரிடம் திருப்பிக் கொடுத்த சமயம் அது. பட்டாளம் இருந்த கன்டோன்மென்ட் மட்டும் இன்னும் வெள்ளைக்காரன் கையில் இருந்தது. கடைத்தெருவில் எல்லாரும் இதைப் பற்றிப் பேசினார்கள். எனக்கு இதில் அக்கறை இல்லை. கத்தரிக்காய் விலை மாறவில்லை, டைப்ரைட்டிங் கிளாஸ் நேரம் மாறவில்லை. அப்புறம் என்ன மாறியிருக்கப் போகிறது?

அப்பாவுக்கு மேலே பட்டறையில் ஒரு துரை இருந்தார். வேலையை விட்டுவிட்டு சீமைக்கே திரும்பிப் போவதென்று முடிவு செய்து, லோத்குண்டா பக்கம் இருந்த தன் பங்களாவைக் காலி செய்துகொண்டிருந்தார். அவரிடம் பாய்மரம் கட்டிய சின்னப் படகு ஒன்று உண்டு. உலகச் சண்டைக் காலத்துக்கு முன்னால் ஞாயிற்றுக்கிழமைகளில் அதை உசேன் சாகரில் விட்டு ஓட்டிக்கொண்டிருந்தவர். ஏரிக்கரையில் பங்களா வைத்திருந்த ஒரு ஜாகீர்தார் அதை வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். படகுக்கென்றே இரண்டு சக்கர டிரெய்லர் ஒன்றும் இருந்தது. ஆனால் அது பல வருஷமாக ரோட்டைப் பார்த்ததில்லை.

"கோவிந்தசாமி, இதை நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று துரை அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். "ஆனால் ஒன்று. அந்த டிரெய்லர் ரொம்பப் பழசு. இன்றைக்கு அதை ரோட்டில் இழுத்துக்கொண்டு போகச் சட்டம் இடம் தருமா என்று விசாரித்துவிடு. ஊருக்குப் போகிற நேரத்தில் எனக்குப் போலீஸ் தகராறு வேண்டாம்."

அப்போது ஃபோர்மேன் இடம் ஒன்று காலியாக இருந்தது. துரை போவதற்கு முன்னால் யார் பெயரைச் சொல்கிறாரோ அவருக்குத்தான் அது. அப்பா அதை வீட்டில் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அம்மா அன்று ராத்திரி அப்பாவின் கோட்டை எடுத்து வெயிலில் போட வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னாள்.

அப்பா என்னிடம் வந்தார். "இன்னா சரோ, அந்தப் படகு வண்டியை மோட்டார்ல கட்டி இழுத்துகினு போனா போலீஸ் எதுனா கேக்குமா? ஆபீசுக்குப் போயி விசாரிச்சுட்டு வரட்டா?"

அப்பாவாக ஆபீசுக்குப் போய் விசாரிக்கிறேன் என்றார். இதை நீங்கள் கவனிக்க வேண்டும். தடுத்தது நான்.

"ஆபீசுக்கு எதுக்குப்பா? நான்தான் இருக்கனே" என்றேன்.

சனிக்கிழமை சாயங்காலம் அப்பா, நான், அக்கா வீட்டுக்காரர் முருகேசன் மாமா மூன்று பேரும் லோத்குண்டா போனோம். மாமா ஜெனரல் பஜாரில் ஒரு துணிக்கடை முதலாளிக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். இழுக்கப் போவது அந்தக் கார்தான். முதலாளியிடம் கெஞ்சிக் கேட்டு வாங்கியிருந்தார்.

துரையின் பங்களாவுக்குப் பின்னால் டிரெய்லர் நின்றது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு அதைச் சுற்றி வந்தேன். (இன்ஜின் பரிசோதனைக்கு வரும் இன்ஸ்பெக்டர்கள் அப்படித்தான் நடப்பார்கள் என்று அப்பா சொல்லியிருக்கிறார்.) மாமா குந்தி உட்கார்ந்து சக்கரத்தைப் பார்த்தார்.

"சரோஜா, டயர் எல்லாம் வெடிப்பு விட்டிருக்குது பாரு. கொக்கியில செருகற கம்பியும் லொடலொடன்னு ஆடுது."

"அதைப் பத்திச் சட்டத்துல ஒண்ணும் இல்ல மாமா."

"சட்டத்துல இல்லன்னா ஆடாதா?"

தகுதி இல்லாத கேள்விகளுக்கு நான் பதில் சொல்வதில்லை, அந்த வயதில்.

துரை வராந்தாவில் நின்றுகொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தபடி கேட்டார். "என்னம்மா, இதை ரோட்டில் இழுத்துப் போகலாமா? சட்டப்படி சரியா?"

"முற்றிலும் சரி, சார்" என்று இங்கிலீஷில் சொன்னேன். கூடவே, காரின் நம்பரை டிரெய்லரின் பின்னாலும் எழுத வேண்டும், பகலில் போவதால் சிவப்பு விளக்கு வேண்டியதில்லை என்று இரண்டு விதிகளையும் ஒப்பித்தேன். துரை புருவத்தை உயர்த்தி அப்பாவைப் பார்த்தார். அப்பாவின் முகத்தில் அப்போது தெரிந்த பெருமையை நான் இன்றுவரை மறக்கவில்லை.

டிரெய்லரின் பின்பக்கத்தைப் படகின் வால் மறைத்துக்கொண்டு நீட்டிக்கொண்டிருந்தது. அதனால் கார் நம்பரை நானே படகின் மேலேயே கறுப்புப் பெயின்டில் எழுதினேன். கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் மேலே ஏறிவிட்டது.

மறுநாள் காலை கிளம்பினோம். முன்சீட்டில் மாமாவும் வெயிலில் போட்டெடுத்த கோட்டோடு அப்பாவும். பின்சீட்டில் நான், மடியில் மாஸ்டரிடம் இரவல் வாங்கிய அந்த மொட்டைப் புத்தகம். கன்டோன்மென்டுக்குள் போனவரைக்கும் ஊர்வலம் மாதிரிதான் இருந்தது. ஒரு சோல்ஜர் நின்று தொப்பியைக் கழற்றிப் படகுக்கு வணக்கம் வைத்தான். நான் அதை எனக்கு வைத்ததாக எடுத்துக்கொண்டு தலையை ஆட்டினேன்.

கார்கானா தாண்டிச் சாலை இறங்கி, ஒரு பள்ளத்தைத் தொட்டு மறுபடி ஏறும். பள்ளத்தில் புதிதாக ஒரு போலீஸ் சௌக்கி போட்டிருந்தார்கள். ஓடு வேய்ந்த ஒற்றை அறை, முன்னால் வராந்தா. அங்கே நாற்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த அமீன் சாகிப், அதாவது அந்த சௌக்கியின் இன்ஸ்பெக்டர், எங்களைப் பார்த்ததும் கப்பை அப்படியே வைத்தார். விசில் ஊதினார்கள். மாமா பிரேக்கை அழுத்தி நிறுத்தியபோது கார் சௌக்கியைத் தாண்டி ஏற்றத்தில் பாதி ஏறியிருந்தது.

அமீன் சாகிப் அவசரப்படாமல் நடந்து வந்தார். ஐம்பது வயதிருக்கும். நரைத்த மீசை, இஸ்திரி போட்ட காக்கி. படகை ஒரு சுற்று சுற்றி வந்தார். மேலே ஏறிப்போன எழுத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். விரலில் பெயின்ட் ஒட்டிக்கொண்டது.

"ஏ காடி ஹை கி நாவ்?" என்று மாமாவிடம் கேட்டார்.

"இது வண்டியா படகான்னு கேக்கறாரு" என்று மாமா எங்களுக்குச் சொன்னார்.

அமீன் சாகிப் மேலும் ஏதோ கேட்க, மாமா அதையும் சொன்னார். "வண்டின்னா அதுக்குப் பர்மிட் எங்கேன்றாரு. படகுன்னா ரோட்ல இன்னா வேலைன்றாரு."

அப்பா கதவைத் திறக்கப் போனார். அதற்குள் நான் இறங்கிவிட்டேன். புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, இங்கிலீஷில், மூச்சு விடாமல் டிரெய்லர் பற்றிய அத்தியாயத்தை ஒப்பித்தேன். டைப் அடிக்கும் பழக்கத்தில் 'கமா', 'ஃபுல் ஸ்டாப்' என்றுகூட நடுவில் சொல்லிவிட்டதாக மாமா இன்றுவரை சாதிக்கிறார். அமீன் சாகிப் முழுக்கக் கேட்டார். முடிந்ததும் மாமாவிடம் திரும்பி, "பச்சி கியா போல்ரி?" என்றார். பொண்ணு என்ன சொல்கிறாள் என்று கேட்கிறார்.

"எல்லாம் கானூன்படி சரின்னு சொல்லுது சாப்."

"கோன்ஸா கானூன்?" எந்தச் சட்டம் என்றார்.

புத்தகத்தை நீட்டினேன். அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு முதல் பக்கத்தில் விரலை வைத்து எழுத்து எழுத்தாகப் படித்தார். "பிரிட்டிஷ் இந்தியா." பிறகு நாங்கள் இறங்கி வந்த மேட்டைக் கையால் காட்டினார். அந்த மேட்டோடு அந்தச் சட்டம் முடிந்தது, இங்கே இப்போது சர்க்கார் வேறு, சட்டம் வேறு என்று மாமா மொழிபெயர்த்தார். மொழிபெயர்க்காமலே எனக்குப் புரிந்தது. அப்பாவுக்கும்.

அங்கேயே நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் இது கதையே இல்லை. "கைக்கு?" என்றேன். ஏன் என்று அர்த்தம். எனக்குத் தெரிந்த இந்துஸ்தானியில் பாதி அது. மீதிப் பாதி 'நக்கோ', அதாவது வேண்டாம். இரண்டு வார்த்தையை வைத்துக்கொண்டு நிஜாம் சர்க்காரோடு வழக்காட இறங்கிவிட்டேன்.

அமீன் சாகிப் ஒரு கான்ஸ்டபிளை அனுப்பி உள்ளேயிருந்து ஒரு அச்சடித்த தாளை எடுத்துவரச் சொன்னார். புது விதிகள், உருதுவில். என்னிடம் மரியாதையாக நீட்டினார். எனக்கு உருது தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்வேனா? வாங்கினேன். கண்ணை இடுக்கினேன். காலனியில் செய்வதுபோலவே 'ம்... ம்...' என்று தலையாட்டிக்கொண்டு வரிவரியாகப் பார்வையை ஓட்டினேன். இடமிருந்து வலமாக.

அமீன் சாகிப் சிறிது நேரம் பொறுத்தார். அப்புறம் இரண்டு விரலால் அந்தத் தாளை என் கையிலிருந்து மெல்ல எடுத்து, தலைகீழாக இருந்ததை நேராகத் திருப்பி, மறுபடி என் கையிலேயே வைத்தார்.

ஒருவரும் சிரிக்கவில்லை. கான்ஸ்டபிள்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார்கள். சிரித்திருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

"போதும் கண்ணு, வா" என்றார் அப்பா. "நாம துரை கிட்ட சொல்லி எதுனா செஞ்சிக்கலாம்."

அவமானத்தில் எனக்குக் காது இரண்டும் எரிந்தன. அப்போதுதான் விரல் நுனியிலிருந்து ஒரு வரி புறப்பட்டு வந்தது. டிரெய்லர் என்றால் என்ன? மோட்டார் வாகனத்தால் இழுக்கப்படுகிற வண்டி. அப்படியானால் இழுக்கப்படாவிட்டால்? ஆகா! டிரெய்லரே இல்லையென்றால் டிரெய்லருக்குப் பர்மிட் எப்படிக் கேட்க முடியும்?

"மாமா, அவர் கிட்ட சொல்லுங்க" என்று கத்தினேன். "மோட்டார் இழுத்தாத்தான் இதுக்குப் பேரு டிரெய்லர். இப்ப இது டிரெய்லரான்னு கேளுங்க!"

சொல்லிக்கொண்டே காருக்கும் டிரெய்லருக்கும் நடுவில் போய், கொக்கியில் செருகியிருந்த கம்பியைப் பிடித்து இழுத்தேன். துருப்பிடித்த கம்பி, வராது, வெறுமனே ஒரு நாடகமாக இருக்கும் என்றுதான் நினைத்தேன். லொடலொடவென்று ஆடுகிறது என்று மாமா முந்தின நாளே சொல்லியிருந்தாரே. ஒரே இழுப்பில் கையோடு வந்துவிட்டது.

"சரோ, வோணாம்!" என்று அப்பா கத்தியது கேட்டது.

கார் நின்றது ஏற்றத்தில். டிரெய்லர் ஒரு நொடி யோசித்தது. பிறகு சாவகாசமாகப் பின்னால் நகரத் தொடங்கியது. மாமா படகைக் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்தார். அறுந்த கயிறு மட்டும் அவர் கையில் நின்றது. கான்ஸ்டபிள்கள் ஆளுக்கொரு பக்கம் குதித்தார்கள். முன்கட்டை தரையை உழுதுகொண்டே வர, வண்டி லேசாக வளைந்து ரோட்டை விட்டு இறங்கி, நேரே சௌக்கியைப் பார்த்துப் போனது. வராந்தாவில் இருந்த நாற்காலி போயிற்று. டீ கப் போயிற்று. தண்ணீர்ப் பானை போயிற்று. படகின் வால் திறந்திருந்த வாசலுக்குள் நுழைந்து, இரண்டு பக்க நிலையிலும் இறுக்கமாகச் சிக்கிக்கொண்டு நின்றது.

உள்ளே எழுத்து வேலை பார்க்கும் கிழ முன்ஷி ஒருவர் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறார். எங்களுக்குத் தெரியாது. அவர் இளவட்டமாக இருந்தபோது ஊரையே அடித்துக்கொண்டு போன மூசி ஆற்று வெள்ளத்தைப் பார்த்தவராம். கண் விழித்தால் வாசலில் படகு, காலடியில் உடைந்த பானையின் தண்ணீர்.

"மூசி ஆயி! மூசி ஆயி!" என்று, மூசி வந்துவிட்டதாக உள்ளேயிருந்து கூக்குரல். கூடவே மேஜை மேல் ஏறுகிற சத்தம்.

அமீன் சாகிப் முன்ஷிக்கு ஜன்னல் வழியாக ஆறுதல் சொல்லிவிட்டு என்னிடம் வந்தார். மாமாவிடம் ஏதோ அமைதியாகக் கேட்டார். மாமா என்னிடம் சொன்னார். "இது டிரெய்லர் இல்லன்னு ஒத்துக்கறாராம். அப்ப இது இன்னான்னு நீயே சொல்லுன்றாரு."

அழுதேன். வேறு என்ன செய்ய? கையில் அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டே அழுதேன்.

ஆள் அனுப்ப, துரை வந்து சேர்ந்தார். படகைப் பார்த்தார், சௌக்கியைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார். "சட்டப்படி சரியா என்று விசாரிக்கச் சொன்னேனே, கோவிந்தசாமி?"

நான் வாயைத் திறந்தேன். அப்பா எனக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். "நான்தான் சார் சரியா விசாரிக்கல. புள்ள மேல தப்பு இல்ல" என்றார், தனக்குத் தெரிந்த இங்கிலீஷில். அந்த ஃபோர்மேன் இடம் வேறொருவருக்குப் போனது. அப்பா ஓய்வு பெறும்வரை சார்ஜ்மேனாகவே இருந்தார்.

வழக்கு எதுவும் வரவில்லை. எந்தத் தலைப்பில் எழுதுவதென்று அமீன் சாகிப்புக்கே தெரியவில்லை. மோட்டார் விபத்து என்றால் இடித்ததில் மோட்டார் இல்லை. படகு விபத்து என்றால் உடைந்த பானையில் இருந்ததைத் தவிர வேறு தண்ணீர் இல்லை. இந்த மாதிரிப் பழைய படகு வண்டியை இழுக்கலாமா கூடாதா என்று மேலிடத்துக்கு எழுதிக் கேட்டிருப்பதாகச் சொன்னார். பதில் வருவதற்குள் இந்தியப் பட்டாளம் உள்ளே நுழைந்த போலீஸ் ஆக்‌ஷன் வந்து, பதில் சொல்ல வேண்டிய நிஜாம் சர்க்காரே இல்லாமல் போனது. ஆகவே அந்தக் கேள்விக்கு எனக்கு இன்றுவரை விடை தெரியாது.

போலீஸில் மாட்டிய படகு தனக்கு வேண்டாம் என்று ஜாகீர்தார் சொல்லிவிட்டார். துரை கப்பலேறிப் போய்விட்டார். படகு மாட்டு வண்டியில் எங்கள் வீட்டுக்கு வந்தது. கடலே இல்லாத லாலாகுடாவில் நாங்கள் 'படகு வீட்டுக்காரர்கள்' ஆனோம். அம்மா அதைக் கவிழ்த்துப் போட்டு மேலே மிளகாய் காயவைத்தாள், உள்ளே கோழி அடைத்தாள்.

அப்பா என்னைத் திட்டவே இல்லை. அதைப் பற்றிப் பேசவும் இல்லை. முன்பெல்லாம் பட்டறையிலிருந்து வந்ததும் பேப்பரை என்னிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்வார். அதை நிறுத்திவிட்டார். தானே எழுத்துக் கூட்டி, உதட்டை அசைத்து அசைத்துப் படித்தார். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு அழுது முடித்திருப்பேன்.

ரோஷத்தில் உருது கற்றுக்கொள்ளத் தொடங்கினேன். பக்கத்துத் தெருவில் ஒரு டீச்சரம்மா, வாரத்தில் மூன்று நாள், வலமிருந்து இடமாக என் தலையில் ஏற்றினார். வைராக்கியமாகப் படித்து, கடைப் பலகை, கோர்ட் நோட்டீஸ், எதைக் கொடுத்தாலும் சரளமாகப் படிக்கும் அளவுக்கு வந்தேன். வந்து முடித்த சமயத்தில் சர்க்கார் மாறி, ஆபீஸ்களில் உருது போய் இங்கிலீஷ் வந்துவிட்டது. (அரசாங்கங்கள் என்னிடம் மட்டும் ஏன் இப்படி நடந்துகொள்கின்றன என்று தெரியவில்லை.)

ஆபீஸ்களில் உருது போன அந்த வாரத்தில் ஒரு நாள் சாயங்காலம் அப்பா பட்டறையிலிருந்து வந்தார். செருப்பைக் கழற்றினார். பேப்பரை எடுத்து, நிஜாரிலேயே ஒரு தடவை தட்டிவிட்டு, என் முன்னால் நீட்டினார். தலைகீழாக.

நான் புரியாமல் திருப்பப் போனேன்.

"அப்படியே படி கண்ணு" என்றார் அப்பா, முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல். "உனக்கு அப்படித்தானே நல்லா வரும்?"

சொல்லிவிட்டு அவரால் அடக்க முடியவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். உள்ளேயிருந்து அம்மா வந்து எட்டிப் பார்த்தாள். நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்கு நினைவில்லை. பேப்பரை மட்டும் முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படித்துக் காட்டினேன்.

அன்றிலிருந்து இது எங்கள் குடும்ப வழக்கமாகிவிட்டது. கரண்ட் பில், டாக்டர் சீட்டு, பிள்ளைகளின் மார்க் ஷீட், எதுவானாலும் எனக்குத் தலைகீழாகத்தான் கொடுப்பார்கள். என் கல்யாணப் பத்திரிகை அச்சாகி வந்தபோது முதல் பிரதியை அப்பா அப்படித்தான் கொடுத்தார். அமீன் சாகிப்புக்கும் ஒன்று அனுப்பினோம். வந்தார், சாப்பிட்டார், என் வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். அது என்ன என்று என் வீட்டுக்காரர் கடைசிவரை என்னிடம் சொல்லவில்லை.

போன மாதம் குகட்பள்ளியில் என் பேத்திக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளைப் பையன் மதுரைப் பக்கம், நல்ல அடக்கம். பத்திரிகையை இரண்டு கையாலும் பிடித்து, குனிந்து, நேராக என்னிடம் நீட்டினான். ஹால் முழுக்க ஒரே குரலில், "நக்கோ நக்கோ! திருப்பிக் குடு!" என்று கத்தியது. பையன் முகம் வெளுத்து, பெயரில் ஏதோ பிழை போலிருக்கிறது என்று பத்திரிகையை முன்னும் பின்னும் பார்த்தான். அப்புறம் அவனை உட்காரவைத்து, இலையில் சாதம் ஆறிப்போகும்வரை ஆளுக்குக் கொஞ்சமாகக் கதை சொன்னார்கள். முன்ஷியாக நடித்து மேஜை மேல் ஏறியது என் பேத்தி, பட்டுப் புடவையோடு.